மூன்று முறை இடித்த அடுப்படி

தேவகோட்டையிலிருந்து காரைக்குடி வரும் பஸ்ஸில், எனக்கு முன் பலகையில் ஓர் ஆச்சியும் அவருடைய தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"புது வீட்டு அடுப்படியை மூணு தடவை இடிச்சாச்சு. இன்னும் ஒரு நாளுகூட அதுல சோறு பொங்கலை" என்றார் ஆச்சி.

"ஏன் ஆச்சி, கொத்தனாரு சரியில்லையா?"

"கொத்தனாரு தங்கம். ரங்கூன்ல இருந்துக்கிட்டு உங்க அயித்தானுல்ல வீடு கட்டுறாக! முதக் கடுதாசியில, கிழக்க வையின்னாக. கட்டுனதை இடிச்சு வச்சோம். அடுத்ததுல, புகை வளவு முத்தமெல்லாம் அடைக்கும், பின்னுக்குத் தள்ளுன்னாக. தள்ளுனோம். அப்புறம் அங்க எவனோ வெள்ளக்காரன் வீட்டைப் பாத்துப்புட்டு, இம்புட்டு அகலம் பத்தாதுன்னாக. அதுக்கும் இடிச்சோம். கடுதாசி கப்பலேறி வந்து சேரக்குள்ள இங்க சுவரு தலைக்கு மேல நிக்கிது. இனி இடிக்கச் சொன்னா கரணையைத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன்னு கொத்தனாரு சொல்லிட்டாரு. இன்னைக்குத்தான் கூரை ஏறுது."

தங்கை ஆச்சியின் மடியைக் காட்டினார். "அப்ப இந்தக் கடுதாசி?"

"காலையில கெளம்புறப்ப வந்துச்சு. பிரிக்கலை."

"அந்தா, பின்னாடி இருக்க பிள்ளை புஸ்தகம் வச்சிருக்கு. வாசிக்கச் சொல்லுவமா?"

எங்கள் குடும்பத்தில் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். புத்தகத்தை மூடிவிட்டுத் தயாராக நிமிர்ந்தேன். ஆச்சி என் பக்கம் திரும்பவே இல்லை.

"கூரை ஏறட்டும்."

"அயித்தானுக்கு மேலுக்கு முடியலை, படுத்திருக்காகன்னு எழுதியிருந்தா?"

ஆச்சி உறையை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"மேலுக்கு முடியாதவுக இம்புட்டுக் கனமாவா எழுதுவாக? இது அடுப்படிதான்."