பன்னிரண்டு ஆண்டுக் கவுதாரிக் கணக்கைத் திருத்திய எங்கள் புள்ளியக்காவுக்கு

வயல் வரப்பையே வராந்தாவாக்கி, விடியலின் ஈரத்தையே விரிப்பாக்கி, வேலிப் புதருக்குள் ஒளிந்து கூவும் ஒற்றைக் கவுதாரிக்கும் வரைபடத்தில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்த எங்கள் மூத்த கணக்கெடுப்பு அலுவலரே! கேட்ட குரலுக்குச் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி, கேளாத குரலுக்கு எவர் சொன்னாலும் இல்லை ஒரு புள்ளி என்று உறுதியாக நின்று, அதனாலேயே 'புள்ளியக்கா' என்று பெயர் பெற்ற பெருந்தகையே! பண்ணைப் பறவைகள் கணக்கெடுப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கதவு சரியாகச் சாத்தாத அந்த வரைபட அறையில், முப்பத்து நான்கு ஆண்டுகள் அமர்ந்து எழுதி இன்று எழுந்து செல்லும் எங்கள் அன்புக்குரிய அக்காவே! தங்கள் சக ஊழியர்கள் பதினொரு பேரும் ஒரே குரலில் கூறும் வணக்கத்தை ஏற்றருள்க!

இந்த மடலுக்கு முதலில் வேறொரு வரைவு இருந்தது. கடமை, கண்ணியம், கனிவு, காலந்தவறாமை என்று தங்கள் குணநலன்களைப் பத்திக்கு ஒன்றாக அதில் அடுக்கி வைத்திருந்தோம். அதைப் படித்துப் பார்த்த நம் ஜீப் ஓட்டுநர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல அக்கா எங்க இருக்காங்க?" என்று கேட்டார். எனவே அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, தாங்கள் செய்த ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது தங்கள் பணிக்காலத்தின் மிகப் பெரிய பிழையைப் பற்றியது. பாராட்டு மேடையில் பிழையைப் பேசலாமா என்று எவரும் பதற வேண்டாம்! எங்கள் பெருமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

இங்கே வந்திருக்கும் தங்கள் உறவினர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கவுதாரி தானிய வயலில் வாழும் பறவை. உயரப் பறக்காது, கண்ணில் எளிதில் படாது, குரலால்தான் அறியப்படும். அதை வேட்டையாட ஆண்டுக்கு ஒரு பருவத்தில் அனுமதி உண்டு. அந்த அனுமதியைத் தருவதா மறுப்பதா என்பது நம் பதிவேட்டில் அந்த இனத்துக்கு நேரே எழுதப்படும் ஒரு சொல்லைப் பொறுத்தது. 'நிலையானது' என்றால் துப்பாக்கிகள் வெளியே வரும். 'அருகிவருவது' என்றால் அவை அலமாரிக்குள் இருக்கும்.

தாங்கள் பணியில் சேர்ந்து பதினெட்டாம் ஆண்டில் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தீர்கள். சேவல் கவுதாரியின் குரலைப் பதிவு செய்து, ஜீப்பின் மேல் ஒலிபெருக்கி கட்டி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒலிக்கச் செய்வது. எதிராளி வந்துவிட்டான் என்று எண்ணி உண்மையான சேவல்கள் பதிலுக்குக் கூவும், நாம் எண்ணிக்கொள்வோம். வேலை பாதியாகக் குறைந்தது. மேலிடம் மெச்சியது. கண்ணாடிச் சட்டமிட்ட பாராட்டுச் சான்று வரைபட அறையின் சுவரில் ஏறியது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த முறையிலேயே எண்ணினோம். பன்னிரண்டு ஆண்டுகளும் பதிவேட்டில் 'நிலையானது' என்றே எழுதினோம்.

நான்காண்டுகளுக்கு முன், இளவேனிலில் ஒரு காலை. கிழக்கு வேலிப்பாதையின் ஏழு கிலோமீட்டரில் ஐந்தாவது நிறுத்தம். ஒலிபெருக்கி கூவியது. வேலிக்குள்ளிருந்து பதில் வந்தது. தாங்கள் புள்ளி வைக்கப் போனீர்கள்.

"அக்கா, இவன் போன ஸ்டாப்லயும் கத்தினான்" என்றார் ஓட்டுநர். "தொண்டை கட்டின மாதிரி ஒரு குரல், கவனிச்சீங்களா?"

"வேற சேவலா இருக்கும் தம்பி. வண்டிய எடுங்க."

ஆறாவது நிறுத்தத்திலும் அதே தொண்டை கட்டிய குரல். "இவன் நம்மள வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டுத்தான் போவான் போல!" என்று ஓட்டுநர் சிரித்தார். தாங்களும் சிரித்தீர்கள். பிறகு பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டீர்கள் என்று அவர் சொல்கிறார். ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிவிட்டு, இறங்கி, வந்த வழியே நடந்தீர்கள். வேலியின் அடியில், கழுத்தை நீட்டிக்கொண்டு, ஜீப்பை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தது ஒற்றைச் சேவல். நம் ஒலிபெருக்கியோடு சண்டை போடுவதற்காக அது முக்கால் கிலோமீட்டர் ஓடி வந்திருந்தது. அந்த ஒரு சேவலுக்கு நம் வரைபடத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன.

வேறொருவராக இருந்தால் இரண்டு புள்ளிகளை அழித்துவிட்டு அலுவலகம் திரும்பியிருப்பார். தாங்களோ அதை அப்படி விடவில்லை. தங்கள் கணவர், நம் தெருமுனைத் தையற்கடைக்காரர், மிச்சம் விழுந்த துண்டுத் துணிகளைக் கொண்டு நாற்பது சுருக்குப் பைகள் தைத்துத் தந்தார். பிடித்த பறவை இருட்டில் அமைதியாக இருக்க அந்தப் பைகள். ஐந்து வாரங்கள் வலை விரித்து, கிழக்குப் பாதையின் சேவல்கள் ஒவ்வொன்றின் காலிலும் வெவ்வேறு நிற வளையம் மாட்டினீர்கள். பிறகு பழைய முறையிலேயே ஒரு முறை எண்ணினோம். காகிதத்தில் இருபத்தாறு வந்தது. வளையங்களைப் பார்த்து எண்ணினோம். பதினொன்று!

எங்களை நடுங்க வைத்தது அந்த எண் மட்டுமன்று. கவுதாரிகள் நிறைந்திருந்த காலத்தில் ஒவ்வொரு சேவலுக்கும் பக்கத்திலேயே ஒரு பங்காளி இருப்பான், எல்லை தாண்டினால் அடி விழும், ஆகவே நின்ற இடத்திலிருந்தே கூவும். பக்கத்து வயல்கள் காலியாகக் காலியாகத் தடுப்பார் இல்லாமல் அது வெகுதூரம் ஓடிவரும். அதாவது பறவை குறையக் குறைய, ஒன்றையே பலமுறை எண்ணியிருக்கிறோம். வயல் வெறுமையானது, காகிதம் நிறைந்தே இருந்தது. அந்தக் காகிதத்தின் அடியில் இருந்தது தங்கள் கையெழுத்து.

அப்போதைய இயக்குநர் தங்களை அழைத்துப் பேசினார். அவர் கெட்டவர் அல்லர், தங்கள் நலனை நினைத்தே பேசினார்.

"யாராவது கேட்டாங்களா? யாருமே கேக்கல. இன்னும் நாலு வருஷத்துல ரிட்டயர் ஆயிடுவீங்க. அடுத்து வர்றவர் புது முறைன்னு மாத்திக்கட்டும். உங்க பேரும் கெடாது, ஆபீஸ் பேரும் கெடாது."

"சார், அந்த நாலு வருஷம் எனக்கு இருக்கு. கவுதாரிக்கு இருக்கான்னு தெரியலையே" என்றீர்கள்.

கதவுதான் சரியாகச் சாத்தாதே, அதனால் நாங்கள் அனைவரும் கேட்டோம்! அந்த இயக்குநர் அன்றே, பிழையை விளக்கித் தாங்கள் எழுதிய அறிக்கையின் முதல் பக்கத்தில் தாமும் கையெழுத்திட்டார். இதோ, இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அந்தப் பேச்சை இங்கே படிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே.

அன்று மாலை வீட்டில் தாங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததாகத் தங்கள் கணவர் எங்களிடம் சொன்னார். அவர் சொன்ன ஆறுதல் இது: "நான் வாரத்துக்கு ரெண்டு சட்டையைப் பிரிச்சுத் தைக்கிறேன். நீ பன்னெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. என்னைவிட நீ எவ்வளவோ தேவலை, சாப்பிடு!"

மறுநாள் சுவரிலிருந்த பாராட்டுச் சான்றைத் தாங்களே நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினீர்கள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றுக்கும் ஒரே பதில் எழுதினீர்கள்: முறை என்னுடையது, பிழையும் என்னுடையது, திருத்தத்தைத் தாமதிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமான நாள் இனிமேல்தான் இருந்தது. வேட்டைப் பருவத்தைப் பற்றி முடிவெடுக்க ஊர்க் கூடத்தில் கூட்டம். நாற்காலிகள் போதாமல் சுவரோரம் நின்றவர்களே ஐம்பது பேர். உழவர்களும் வேட்டைக்காரர்களும் நிறைந்த அந்தக் கூடத்தில், தாங்கள் எழுந்து நின்று, பொய்த்துப்போன பன்னிரண்டு ஆண்டுக் கணக்கைச் சொன்னீர்கள். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

வேட்டைக்காரர் சங்கத் தலைவர் எழுந்தார். நானூறு ஏக்கர் உழவர், குறி தப்பாமல் சுடுவதில் நாடறிந்தவர்.

"பன்னெண்டு வருஷமா நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த கணக்கை நம்பித்தானே சுட்டோம்? இப்ப வந்து பறவையே இல்லைங்கறீங்க. அப்ப நாங்க பாவிங்க, நீங்க உத்தமியா?"

"இல்லைங்க" என்றீர்கள். "சுட்டது நீங்க. சுடலாம்னு சொன்னது நான். பாவிங்க பட்டியல் போட்டா என் பேரை முதல்ல எழுதிக்குங்க."

கூடம் இரைந்தது. பின்வரிசையிலிருந்து எவரோ உட்காரச் சொல்லிக் கத்தினார். தாங்கள் உட்காரவில்லை. இரண்டு வரைபடங்களை மேசைமேல் விரித்தீர்கள். தலைவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, குனிந்து, தம் நிலத்தைத் தேடினார்.

"என் வயல்ல மூணு புள்ளி இருக்கே."

"இது பழைய படம். புதுசைப் பாருங்க."

புதியதில் ஒன்றே இருந்தது.

"இது எது?"

"தொண்டை கட்டின மாதிரி கூவுவான்."

தலைவர் நிமிர்ந்தார். "அவனா? அவன் தினம் காலைல என் ஜன்னலுக்கு வெளிய கத்துவானே. நான் சமையற்கட்டுலேர்ந்து கேப்பேன், கொல்லைப்பக்கம் போனா அங்கயும் கேப்பேன். நிறைய இருக்குன்னுல்ல நினைச்சேன்..." என்றவர், அந்த ஒற்றைப் புள்ளியின்மேல் விரலை வைத்தார். "அவன் ஒருத்தன்தானா?"

"ஒருத்தன்தாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இந்த வருஷம் துப்பாக்கி வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலை பதிவேட்டில் 'நிலையானது' என்ற சொல்லை அடித்து, 'அருகிவருவது' என்று தாங்கள் எழுதியபோது, அருகில் நின்ற எங்களில் சிலருக்குக் கண் கலங்கியது. இதை ஒப்புக்கொள்ள இன்றுதான் துணிவு வந்தது.

அதற்குப் பின் தாங்கள் ஏறி இறங்கிய வாசற்படிகள் நாற்பத்து மூன்று! கவுதாரிக் குஞ்சுக்கு முதல் இரண்டு வாரங்கள் தானியம் உதவாது, பூச்சி வேண்டும். பூச்சிக்கு மருந்தடிக்காத களைச்செடி வேண்டும். ஆகவே வயலோரம் ஆறு மீட்டர் அகலத்துக்கு மருந்து தெளிக்காமல் விடுங்கள் என்று வீடு வீடாகச் சென்று கேட்டீர்கள். சிலர் காபி தந்தார்கள், சிலர் கதவையே திறக்கவில்லை. ஒருவர் வீட்டு நாய் தங்கள் குடையைத் தின்றது. முதலாண்டில் ஒன்பது பேர் இசைந்தார்கள். முதல் ஆளாக வயலோரத்தை மருந்தடிக்காமல் விட்டவர் அந்தச் சங்கத் தலைவர். இன்று முப்பத்தொரு பண்ணைகளில் ஓரத்து நிலம் பூத்துக் கிடக்கிறது.

அறிவுக்கும் அஞ்சாமைக்கும் ஒரே மேசையில் இடம் கொடுத்த அம்மையே! தங்கள் அறிக்கையைப் படித்த அண்டை மாவட்டங்கள் மூன்று, தம் ஒலிபெருக்கிகளையும் சோதித்துப் பார்த்தன. மூன்றிலும் அதே பிழை. மூன்றிலும் பதிவேடு திருத்தப்பட்டது. நம் அலுவலகத்திலோ திங்கட்கிழமைக் கூட்டத்தின் முதல் பொருள் இப்போது 'போன வாரம் நான் செய்த தவறு' என்பதாகும். தொடக்கத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. இப்போது நேரம் போதவில்லை! வேறெந்த அலுவலகத்துக்கு உண்டு இந்தப் பேறு? மார்தட்டிச் சொல்கிறோம், நாங்கள் தங்களோடு பணிபுரிந்தவர்கள்.

தங்களுக்கு என்ன பரிசு தரலாம் என்று மூன்று மாதம் விவாதித்தோம். பதிவேட்டில் மீண்டும் 'நிலையானது' என்று எழுதித் தர முடிந்தால் அதைவிட உயர்ந்த பரிசில்லை. அது இன்னும் உண்மையாகவில்லை. கவுதாரி இன்றும் அருகிவரும் இனமே. பொய்ப் பரிசைத் தங்கள் கையில் கொடுக்க எங்களில் எவருக்கும் துணிவில்லை.

கண்ணின் கூர்மையும் காதின் நுட்பமும் காலின் வலிமையும் குறையாமல், தங்கள் கணவரோடும் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும், இனி காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய கட்டாயமில்லாமல், எழுந்தாலும் தடுப்பார் இல்லாமல், நூறாண்டுக்கும் மேலாகத் தாங்கள் நலமே வாழ்க! வரைபட அறையின் கதவைச் செப்பனிட ஆணை வந்திருக்கிறது. அதைச் செய்யாதிருக்கப் பதினொரு பேரும் கையொப்பமிட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

இந்த இளவேனில் கிழக்கு வேலிப்பாதையின் கணக்கு நேற்று முடிந்தது. ஒலிபெருக்கி இல்லை. நான்கு பேர், நான்கு இடங்களில், ஒரே நேரத்தில் நின்று, தனித்தனியாகக் குறித்து, பிறகு ஒப்பிட்டோம். ஐயம் இருந்த இரண்டு குரல்களை விட்டுவிட்டோம். அந்தத் தாளைத்தான் இந்த மடலோடு சேர்த்துச் சட்டமிட்டிருக்கிறோம். அதில் இருக்கும் சேவல்கள் பத்தொன்பது. அத்தனையும் வயலில் இருக்கின்றன, அக்கா!

தங்கள் பெயரையும் தங்கள் கணக்கையும் சொல்லிப் பெருமைப்படும்,
பண்ணைப் பறவைகள் கணக்கெடுப்பு அலுவலக ஊழியர்கள் பதினொருவர்