தோட்டோடு வராத முந்திரி

களியக்காவிளை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள். ஜன்னலோரம் இருந்தவள் மடியில் லேப்டாப் பை.

“எங்க அம்மைக்க முந்திரி உடைக்குற வேலை எந்த நாட்டுக்குப் போச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன் ஏட்டி,” என்றாள் அவள்.

“என்னட்டி சொல்லுக?”

“தோட்டோட வாற பச்சை முந்திரி இறக்குமதி வருசா வருசம் குறையுதுல்லா? வெப்சைட்டுல டேட்டா விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அனுப்புன நாட்டுக்க ஏற்றுமதிக் கணக்கையும் எடுத்துப் பாத்தேன்.”

“அங்கயும் இல்லியா?”

“இருக்கு. வேற கோட் நம்பர்ல, ‘தோடு நீக்கியது’ன்னு இருக்கு. அவங்களே உடைச்சு பருப்பாட்டு அனுப்புறாங்க. நான் இத்தனை நாளும் தோட்டோட உள்ளதையே தேடிட்டு இருந்திருக்கேன்.”

“நல்லதுதானே மக்கா. தீசிஸுக்கு ஒரு சாப்டர் கிட்டிச்சு. கைடுகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். ரொம்ப சந்தோசப்பட்டாரு.”

“அம்மைகிட்ட?”

அவள் லேப்டாப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“அவ கொட்டை உடைக்கப் போற அண்டி ஆபீஸ் பூட்டிக் கிடக்கு. கப்பல்ல கொட்டை வந்ததும் திறப்போம்னு சூப்பர்வைசர் சொல்லிருக்காராம். உடைக்கும்போது தோட்டுப்பால் பட்டு கை வேகாம இருக்க எண்ணெய் தேய்ப்பாங்கல்லா, அத அம்மை நேத்தும் வாங்கி வச்சிருக்கா ஏட்டி.”