ஃபொலோ அப்

ஒரேத்தோ என்ற இடத்துக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவளின் மடியில் மீன் பை.

“ஹோட்டல் மனேஜருக்குப் பின்னாலை நாலாம் மாடி வரைக்கும் ஏறினனான் அக்கா.”

“ஏனடி?”

“வேலை கேட்டு எழுதினனான் எல்லே? ‘மனேஜரை ஃபொலோ அப் பண்ணுங்கோ’ எண்டு மெசேஜ் வந்தது. ஃபொலோ எண்டால் பின்னாலை போறது, அப் எண்டால் மேலை.”

“ஐயோ! அது வேலை என்ன மாதிரி எண்டு திருப்பி விசாரிக்கச் சொல்லுறதடி.”

“ஓம், அவரும் மூச்சு வாங்க வாங்க அதைத்தான் சொன்னவர்.”

“அப்ப வேலை?”

“‘ஐ வில் கெற் பாக் டு யூ’ எண்டவர்.”

மீன் பையைத் தூக்கிக் காட்டினாள்.

“வீட்டை வாற மனேஜருக்கு வெறுஞ்சோறே குடுக்கிறது?”