எங்கன நின்னு அழிச்சுது

கையெழுத்தா? அவள அப்புறம் கூப்பிடுதேன், முத்துராஜ் தம்பி. மொதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க. ஆபீஸ்ல அவளுக்கு மேல நீங்கதான? தப்பு பூரா எம்மவ உலகம்மை மேலதான்னு எழுதிக் கொண்டாந்திருக்கிய. இதுல அவ கையெழுத்துப் போட்டா வேலை போயிரும். அதுக்கப்புறம் எவன் சேத்துக்கிடுவான்?

எட்டாங்கிளாஸோட நின்ன எனக்கு என்ன தெரியும்னுதான சிரிக்கிய? மூணு நாளா சோறு தண்ணி இல்லாம பிள்ளை இதையேதான பெனாத்துதா. எனக்கே பாடமாயிட்டு.

குத்தாலத்து லாட்ஜ் புக்கிங் எல்லாம் மும்பையில ஒரு கம்ப்யூட்டர்ல கிடக்கு, சரியா? பழசை அழிக்க இங்கன இருந்து ரெண்டு ஆர்டர் போகுது. மொத வரி, பழைய ஃபோல்டருக்குப் போ. ரெண்டாவது வரி, நிக்க எடத்துல உள்ளத அழி. ஆனா அந்தச் சனியன் ஒவ்வொரு ஆர்டருக்கும் புதுசா வாசல்ல இருந்துல்லா உள்ள வருது! மொத ஆர்டருக்குப் பழைய ஃபோல்டருக்குப் போச்சு, சோலி முடிஞ்சுதுன்னு வெளிய வந்துட்டு. ரெண்டாவதுக்குத் திரும்ப வந்து முன்னறையில நின்னுட்டு. அங்கனதான் இந்த சீசன் புக்கிங் கிடந்துது. வழிச்சு எடுத்துட்டு.

இப்ப எங்க வீட்டுக்காரர்ட்ட போன்ல, பொறவாசலுக்குப் போங்கன்னுட்டு வச்சிருதேன்னு நெனச்சுக்கிடுங்க. அவரு போயிட்டு அடுப்படிக்குத் திரும்பிட்டாரு. மறுபடி கூப்பிட்டு, அங்கன கிடக்கதக் கொட்டுங்கன்னா எதக் கொட்டுவாரு? சோத்துப் பானையத்தான். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிருக்கணும்லா?

சனிக்கிழமை சாரல்ல, கைப்பிள்ளையோட எத்தனை பேரு ரூம் இல்லாம நின்னாவ! ஏச்சு வாங்குனது எம்பிள்ளை. அன்னைக்கு பட்டனை அமுக்குத முறை அவளுக்கு. அமுக்குனவதான் குத்தவாளின்னா, அந்த ரெண்டு வரிய எழுதிக் குடுத்தவன் யாரு?

ஞாபகம் இல்லையா? நல்லா இருக்கே! ஒவ்வொரு வரியும் யாரு, என்னைக்கு எழுதுனதுன்னு கம்ப்யூட்டர்லயே பதிஞ்சிருக்காம்லா. அந்த ரெண்டு வரியிலயும் உம்பேருதான கிடக்கு?

உக்காருலே. ஏன் எந்திரிக்க? அவளத் தேடாத, உள்ள இல்ல. அத பிரிண்ட் எடுத்துக்கிட்டு, உங்க முதலாளியப் பாக்கணும்னு காலையிலயே தென்காசி பஸ்ஸப் பிடிச்சுப் போயிட்டா.

உன் போன்தான் அடிக்குது. எடுத்துப் பேசு.