பூ இல்லாத துப்பாக்கி

பழைய துப்பாக்கியைச் சுத்தம் செய்கிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, அதைப் புதிதாக்கப் பார்ப்பது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். அப்புறம் அதை யாரும் சீந்த மாட்டார்கள். நான் மெல்லிய இரும்பு நாரில் எண்ணெய் தொட்டுத் துருவை மட்டும் எடுப்பேன், ஷெரீப். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். விஸ்கான்சினில் இந்தப் பக்கம் யார் வீட்டுப் பரணில் ஜப்பான் துப்பாக்கி கிடைத்தாலும் என்னிடம்தான் வரும். ஜப்பானோடு நடந்த போருக்குப் போன அப்பாக்கள் ஆளுக்கொன்று தூக்கி வந்திருக்கிறார்கள்.

எங்கள் அப்பா ஹால்வரும் ஒன்று கொண்டுவந்தார். சண்டையில் பிடுங்கியது என்பார். கணப்புக்கு மேலே சுவரில் தொங்கும், எங்களைத் தொட விடமாட்டார். படுக்கையில் விழுந்த பிறகு அவருக்கு ஊட்டியது, கழுவிவிட்டது, மாடு கறந்தது எல்லாம் நான். அண்ணன் வெர்லின் பீனிக்ஸில் வீடு விற்றுக்கொடுக்கும் தரகன். கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்புவான். அப்பா அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். உயிலில் நிலத்தைச் சரிபாதியாக எழுதியிருந்தார், அதில் எனக்குக் குறையில்லை. துப்பாக்கி மட்டும் மூத்த மகனுக்கு. அதைக் கேட்டபோது வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது, மறைப்பானேன்.

வெர்லின் போன் செய்தான். துடைத்து வை, மான் வேட்டைக்கு வருகிறேன், அப்பா துப்பாக்கியால் ஒரு கலைமானைச் சாய்க்க வேண்டும் என்றான். சரி என்று பிரித்துப் போட்டேன்.

ஜப்பான் ராணுவத் துப்பாக்கியில் தோட்டா போடும் இடத்துக்கு மேலே அவர்கள் சக்கரவர்த்தியின் செவ்வந்திப் பூ இருக்கும். சரணடைந்தபோது பூவை அராவிவிட்டுத்தான் கொடுத்தார்கள், அரம் போட்ட தழும்பு இருக்கும். இதில் பூவும் இல்லை, தழும்பும் இல்லை. குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். குண்டைச் சுழற்றிவிடும் முறுக்கு வரிகள் ஓட வேண்டிய இடம் தண்ணீர்க் குழாய் மாதிரி வழவழவென்று இருந்தது. அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் அணிவகுப்புப் பழகுவதற்காக மட்டமான இரும்பில் வார்த்த பயிற்சித் துப்பாக்கி. வெறும் சத்தத் தோட்டாவைத்தான் தாங்கும். நிஜத் தோட்டா போட்டால் பின்பக்கம் வெடித்து, சுடுகிறவன் முகத்துக்கு வரும்.

நன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன்.

வெர்லின் வந்ததும் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தோட்டாப் பெட்டியும் கொண்டுவந்திருந்தான்.

"என்னடா ஆரின், பூவைக் காணோம்? அராவிட்டானுங்களா?"

"முக்காவாசித் துப்பாக்கில அராவித்தான்ணே இருக்கும்."

அது பொய் இல்லை. நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

சனிக்கிழமை காலை கொட்டகைக்குப் பின்னால், ஹாலோவீனுக்கு வாங்கி மிஞ்சிய பூசணியை வேலிக் கம்பத்தில் வைத்தான். தோட்டாவைப் போட்டவன் சுடாமல் என் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"இது உனக்குச் சேர வேண்டியதுடா. அவரை நீதானே பாத்துக்கிட்டே. ஒரே ஒரு தடவை சுட்டுக்கறேன். அப்புறம் நீயே எடுத்துக்கோ."

இப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால் தடுத்துவிடுவது என்றுதான் எண்ணியிருந்தேன். அந்த வார்த்தை வந்துவிட்டது. "காத்து இடப்பக்கமா இழுக்குதுண்ணே, கொஞ்சம் வலப்பக்கமா புடி" என்று சொல்லிவிட்டு டிராக்டருக்குப் பின்னால் போய் நின்றேன். பூசணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

போலீஸ் அறிக்கையில் அண்ணன் சாவை விபத்து என்று எழுதிவிடலாம் என்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் இது பயிற்சித் துப்பாக்கி என்று அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தெரியும். சாவதற்குக் கொஞ்சம் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துப்பாக்கி வெர்லினுக்குத்தான். ஆனா அது நெஜத் துப்பாக்கி இல்லடா, சுட்டா அவன் மூஞ்சி போயிடும். சண்டையில புடுங்கினேன்னு சொல்லியே வளத்துட்டேன், அவன்கிட்ட மாத்திச் சொல்ல வெக்கமா இருக்கு. நான் போனப்புறம் நீ சொல்லிடு."

மூத்தவனிடம் வெட்கம். என்னிடம் வெட்கப்படக்கூட அவருக்கு ஒன்றும் இல்லை. அவனுக்குத் துப்பாக்கியைக் கொடுத்தார், எனக்கு அந்த ஒரு சொல்லைக் கொடுத்தார். அவர் எனக்கு மட்டும் என்று விட்டுப்போனது அது ஒன்றுதான், ஷெரீப். அதையும் அண்ணனுக்கே கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.