போஸ்ட்மாஸ்டர் வீடு, மறுபடியும்

— அசையல.

— எது?

— தோளு. உன் தோளு அசையவே இல்ல டீச்சர். பன்னெண்டு பக்கம் படிச்சு முடிச்சுட்டேன்.

— அதுக்கு நான் என்ன பண்றது ரைட்டரே? சிரிப்பு வந்தாதானே அசையும். அடுத்தது படிங்க.

— கொஞ்சம் நேரா சுவத்தைப் பாத்து உக்காரு. அந்தக் காலத்துல உன் முதுகைப் பாத்தாதானே எனக்குப் படிக்கவே வரும்.

— இந்த ஆபீஸ்ல சுவர் எங்க இருக்கு? சுத்திலும் கண்ணாடி. மிச்சம் இருக்கறது இந்த ஒரு முழம்தான். அதுலயும் தீயணைக்கற சிலிண்டரை மாட்டி வெச்சிருக்காங்க. அதை எப்படிப் பிடிக்கணும், எங்க அமுக்கணும்னு காலைலேர்ந்து நாலு தடவை படிச்சுட்டேன். உங்க பன்னெண்டு பக்கத்தை விட அது விறுவிறுப்பா இருக்கு.

— அட, இது நல்லாருக்கே! போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் சொல்ற மாதிரி எழுதிக்கட்டுமா?

— பாத்தீங்களா. நான் வாயைத் திறந்தா பேனாவைத் தூக்கிடறீங்க. பிரிஞ்சு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அந்தக் கை அரிப்பு போகல.

— சரி, சரி, எழுதல. கேளேன். சீன் ஏழு. போஸ்ட்மாஸ்டர் ரிடையர் ஆகி வீட்ல இருக்காரு. பேத்தி குடுத்த போனைக் கைல வெச்சுக்கிட்டு முழிக்கறாரு. சம்சாரம் வர்றாங்க. ‘என்னங்க, போனைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க?’ அவரு சொல்றாரு, ‘போன் நேராதான்டி இருக்கு. காலம்தான் தலைகீழா இருக்கு.’

— முடிஞ்சுதா?

— முடிஞ்சுது.

— கிழிச்சுப் போடுங்க.

— சார், மேடம், உள்ள வரலாமா? தப்பா எடுத்துக்காதீங்க, மணி நாலு. அஞ்சுக்கு மேல் மாடில மீட்டிங். மறுபடி எடுக்கற சீரியலோட முதல் எபிசோட் என் கைல இல்லேன்னா பசங்க டீம்கிட்ட குடுத்துடுவாங்க.

— போஸ்ட்மாஸ்டர் வீட்டைப் பசங்க எழுதுவாங்களா தம்பி? அவங்க பொறக்கறதுக்கு முன்னாடி நான் எழுதினது!

— பழைய நூத்தி நாப்பத்தாறு எபிசோடையும் பாத்து முடிச்சுட்டாங்க சார். எத்தனை செகண்டுக்கு ஒரு சிரிப்பு வருதுன்னு சார்ட்டே போட்டுட்டாங்க. ஆனா சேனல்ல நான் ஒருத்தன் உங்களுக்காக நிக்கறேன். ஏன்னா, எங்க அப்பாவும் அம்மாவும் பேச்சுவார்த்தையே இல்லாம ஒரு வருஷம் இருந்தாங்க. அப்பவும் வெள்ளிக்கிழமை எட்டு மணியானா ஒரே சோபால உக்காந்து சிரிப்பாங்க. ‘நானும் இந்த வீட்ல ஒரு நாற்காலிதான், வந்து மேல துணியைப் போட்டுட்டுப் போங்க.’ எங்கம்மா இன்னைக்கும் அதைச் சொல்லும் மேடம். அந்த மாதிரி ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு குடுங்க சார். மீதியை நான் பேசிக்கறேன்.

— குடுக்கறேன் தம்பி. கதவைச் சாத்திட்டுப் போங்க... கேட்டியா டீச்சர்?

— கேட்டேன்.

— அந்த வரி படிச்ச அன்னைக்கு ஞாபகம் இருக்கா? டயர் கடை மாடில நம்ம ரூமு. நான் படிச்சு முடிக்கல, உன் தோள் குலுங்கின வேகத்துல நாற்காலியே கிரீச்சுனுது. சிவப்புப் பேனாவால ரெண்டு டிக் போட்டேன். உன் தோளு ஆடினா ஊர் சிரிக்கும். ஒரு தடவை தப்பினதில்ல.

— அது நீங்க எழுதின வரியா?

— பின்ன?

— முதல் நாள் நான் உங்ககிட்ட சொன்னது ரைட்டரே. எங்கப்பாவை ஆஸ்பத்திரில சேத்துட்டு வந்து அப்பதான் உக்காந்தேன். நீங்க சட்டையைக் கழட்டி என் மடில போட்டுட்டு, ‘காலைல ஸ்கிரிப்ட் குடுக்கணும்’னு உள்ள போயிட்டீங்க. அதுக்குச் சொன்னேன். மறுநாள் என்னைச் சுவத்தைப் பாக்க உக்கார வெச்சு, எனக்கே படிச்சுக் காமிச்சீங்க.

— நீதான் சிரிச்சியே!

— தோள் குலுங்குச்சு. சிரிச்சேன்னு உங்களுக்கு யார் சொன்னது?

— விளையாடாத டீச்சர்.

— விளையாடற வயசா எனக்கு? படிச்சு முடிக்கற வரைக்கும் திரும்பக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? ‘மூஞ்சின்னா மரியாதைக்குச் சிரிக்கும், முதுகு பொய் சொல்லாது.’ நீங்கதான் சொன்னீங்க. நீங்க கடைசிப் பக்கத்துக்கு வர்றதுக்குள்ள நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு ரெடியா இருப்பேன்.

— நூத்தி நாப்பத்தாறு எபிசோடுமா?

— எல்லா வரிக்கும் இல்ல. நீங்க சொந்தமா யோசிச்சு எழுதினதுக்கு அசையல. அதையெல்லாம் நீங்களே அடிச்சுட்டீங்க, சரியா?

— அடிப்பாவி... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

— சொன்னா அதையும் எழுதியிருப்பீங்க.

— ஊரே சிரிச்சதே டீச்சர்.

— சிரிச்சது. ஊர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. சம்சாரமா வந்த அந்தம்மா அழகாத்தான் நடிச்சாங்க. கடைக்குப் போனா கடைக்காரரு அந்த நாற்காலி வசனத்தை எனக்கே சொல்லிக் காமிப்பாரு. நல்லாருக்குங்கன்னு சொல்லிட்டு வருவேன்.

— இப்பதான் புரியுது. நீ பொட்டியைக் கட்டின பிறகு மூணு எபிசோட் எழுதினேன். ஒண்ணும் தேறல. சேனல்காரங்க சீரியலையே மூட்டை கட்டிட்டாங்க. எழுதற கைக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சேன். கையே என்னுது இல்லபோல.

— வருத்தப்பட்டு என்ன ஆகப்போகுது?

— இத்தனை வருஷமா என்னை யாருமே திட்டல. பேப்பர் போடறவன்கூட சார் சார்ங்கறான். வீட்ல பேச்சுன்னு ஒண்ணு இருந்தாதானே எழுத முடியும்? இந்த சீரியல் இனி எழுந்திருக்காது டீச்சர். பசங்க வேணா பொம்மை செஞ்சு சாவி குடுக்கட்டும்.

— அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? மறுபடி நாலு வார்த்தை உருவிக்கலாம்னா?

— சத்தியமா இல்ல. உன் தோளுக்காகத்தான். நீ ஏன் வந்த, அதைச் சொல்லு.

— நானும் ரிடையர் ஆகி தங்கச்சி வீட்டு மாடில இருக்கேன். பழைய எபிசோடை இப்ப தினம் போடறாங்க. கீழ தங்கச்சி பேரப்பிள்ளைங்க உருண்டு புரண்டு சிரிக்குதுங்க. நான் ஒருத்திதான் அதுக்குச் சிரிச்சதே இல்ல. போறதுக்குள்ள இந்த மனுஷன் எழுதினதுக்கு ஒரு தடவையாவது சிரிப்பு வருதான்னு பாத்துடலாம்னு வந்தேன். வரல. பரவாயில்ல, விடுங்க. எனக்கு அஞ்சு மணிக்கு பஸ்.

— இரு, இரு. ஒண்ணே ஒண்ணு. ரெண்டு நிமிஷம். திரும்பி உக்காரு.

— யாரு பேசறது? சம்சாரமா?

— இல்ல. இந்தத் தடவை ஆம்பளை பேசறான்.

— அதிசயம்தான். சம்சாரம் எங்க?

— வீட்ல இல்ல. போயிட்டா.

— பரவாயில்லையே, புதுசா யோசிச்சிருக்கீங்க. ம், திரும்பிட்டேன். படிங்க.

— எனக்கு அறுபத்தாறு ஆச்சு. மேல் வரிசைல நாலு பல்லு போயிடுச்சு. இடது காது சுத்தமா கேக்கறதில்ல. அதனால நீ வந்தேன்னா கட்டில்ல இடது பக்கமே படுத்துக்கோ. எவ்வளவு வேணா திட்டிக்கோ, எனக்குக் கேக்காது, நிம்மதியா தூங்கிடுவேன்.

— ம்.

— இல்ல, வேண்டாம். வலது பக்கமே படு. திட்டறது கேக்கணும். வீட்ல ஃபிரிட்ஜ் ஒண்ணுதான் சத்தம் போடுது. அதுவும் அப்பப்ப நின்னுடுது. எழுந்து போய் ஒரு தட்டு தட்டுவேன். உர்ருங்கும். சரி, பேச ஒரு ஆள் இருக்குன்னு வந்து படுத்துக்குவேன். இது போதும்னுதான் இத்தனை நாள் இருந்தேன். போதல. வந்துடு.

— அய்யோ... அய்யோ ரைட்டரே...

— டீச்சர்? உன் தோளு... அழறியா?

— இல்ல, இல்ல! இதோ திரும்பறேன், மூஞ்சியை நல்லா பாத்துக்கோங்க. சிரிக்கறேன்! ஃபிரிட்ஜைத் தட்டி... அதுகிட்ட திட்டு வாங்கி... இருங்க, வயிறு வலிக்குது!

— சார்! மேடம் சிரிக்கறது லிஃப்ட் வரைக்கும் கேக்குது! சூப்பர் சார்! மாட்டிடுச்சா?

— மாட்டிடுச்சு தம்பி, வாங்க. இதையே முதல் சீனா வைங்க. ரைட்டரே, நான் சொல்றேன் கேளுங்க, இது பழசை விட நல்லாருக்கு. ஒரே ஒரு திருத்தம். சம்சாரம் இதுக்குப் பதிலே சொல்லக் கூடாது, சரியா? அவ வரமாட்டான்னு அவனுக்கே தெரியும். தெரிஞ்சும் எந்தப் பக்கம் படுக்கறதுன்னு பேரம் பேசறான் பாருங்க, அதுதான் சிரிப்பே.

— வரமாட்டாளா?

— எதுக்கு வரணும்? அவளுக்கென்ன தலையெழுத்தா? வந்தா கதையே கெட்டுடும்.

— ம். கெட்டுடும்.

— சார், தப்பா எடுத்துக்காதீங்க, டைம் ஆயிடுச்சு. அந்தத் தாளைக் குடுங்க, ஓடிப்போய் டைப் பண்ணக் குடுக்கறேன்.

— தாள்ல ஒண்ணும் எழுதல தம்பி. நான் இவகிட்டதான் கேட்டுட்டு இருந்தேன்.