இரண்டு பேர் மிதிக்கும் பழைய சைக்கிள்

தலைமை தாங்கும் தகைமைசால் ரோவினா அம்மையார் அவர்களே, முன்வரிசையில் முழுநிலவாய் வீற்றிருக்கும் மூத்தோரே, காலை முதல் பாஸ்டிப் பலகாரம் சுட்டுக் களைத்த தாய்மார்களே, வாலரூ சைக்கிள் சங்கத்துச் சொந்தங்களே, வணக்கம்.

இன்றைய ஊர்வலத்தை நடத்தி வந்த சைக்கிளைக் கண்டீர்கள். முன்னால் டல்சி, பின்னால் அவர் கணவர் மெர்வ். பார்வை போன நாள்முதல் மெர்வுக்கு வீதியைத் தந்தது எது? அந்தச் சைக்கிள். கடற்காற்றைத் தந்தது எது? அதே சைக்கிள்.

போன கோடையில் முன்பெடலின் அச்சு கடகடத்து நின்றது. மகள் கிளெனிஸ் புத்தம்புதிதாய் ஓர் இருவர் சைக்கிளை வாங்கி வந்து நிறுத்தினாள். பளபளப்பில் குறையா? இல்லை. பாய்ச்சலில் குறையா? இல்லை. ஆனால் துறைமுகம்வரை போய்த் திரும்பிய மெர்வின் முகம் வெளுத்திருந்தது.

"ஏம்ப்பா, புடிக்கலையா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்கம்மாவத்தான் காணோம்."

புதியதில் அவரவர் பெடல் தனித்தனி. பழையதிலோ இருவர் பெடலையும் ஒரே செயின் பிணைத்திருக்கிறது. மனைவியின் கால் தயங்கினால் கணவனின் கால் தயங்கும். மேடு வந்தாலும், லாரி வந்தாலும், டல்சி களைத்தாலும், சொல்லாமலே மெர்வின் பாதம் அறியும். அங்கே யார் சிரிப்பது? கோபம் வந்தாலும் தெரியுமாம், ஐயா!

சமையல் மேசையிலேயே அச்சைக் கழற்றினார்கள். டல்சி துடைக்க, மெர்வ் விரலால் தடவினார். பால்ரஸ் நொறுங்கி, அது உருளும் கிண்ணமும் தேய்ந்திருந்தது. அந்த அளவுக் கிண்ணம் எந்தக் கடையிலும் இல்லை. நான் சைக்கிள் பழுதுபார்க்கும் கொட்டகையில் கிடந்த துருப்பிடித்த பழைய சைக்கிள் சட்டகத்தில் இருந்தது; வர மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றினோம், மன்றாடினோம்.

"உளிய நான் புடிச்சுக்கறேன். நீ சுத்தியால அடி" என்றார் மெர்வ்.

"கைமேல பட்டுட்டா?"

"இத்தன வருஷத்துல படாத அடியா?"

அடித்தார் டல்சி, அசைந்தது கிண்ணம். புதுப் பால்ரஸ் இட்டு, கிரீஸ் பூசி, முடுக்கினோம்.

மறுநாள் மூன்டா கடற்கரைச் சாலையில் நானும் பின்தொடர்ந்தேன். நடுவழியில் மெர்வ் கேட்டார்: "என்ன டல்சி, அழுவுறியா?"

"இல்ல. காத்து."

"காத்து அடிச்சா கால் இப்படி நடுங்காது."

இருவர் கால்களும் ஒன்றாய்ச் சுழன்றன.

கிளெனிஸ் முறைக்கிறாள். உன் சைக்கிள் வீணாகவில்லை அம்மா. நீயும் உன் கணவரும் அதில்தானே வந்தீர்கள்!

அன்பர்களே, தேய்ந்தது ஒரு கிண்ணம். அதற்காகத் தூக்கி எறிய வேண்டியது ஒரு வாழ்க்கையையா? வீட்டுக்குப் போனதும் உங்கள் சைக்கிளை ஒருமுறை சுழற்றிக் கேளுங்கள். கடகடத்தால் கழற்றுங்கள். கழற்றத் தெரியாவிட்டால் என் கொட்டகைக் கதவு திறந்தே இருக்கும்.

செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. தேநீர் ஆறுவதற்குள் இறங்குகிறேன், வணக்கம்.